வெற்றிடங்களும் வெற்றியும்: வளர்ந்துவரும் நாடுகளின் சந்தைப் போட்டியில் தகவல் தொழில்நுட்பத்தின் பங்கு

முன்னுரை

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் இபே நிறுவனம் சீனத்தின் இணையச் சந்தைக்குள் நுழைந்தது. அதனிடம் பணமும் பல நாடுகளில் ஓடித் தேர்ந்த மென்பொருளும் இருந்தன. ஆனாலும் 2006 டிசம்பரில் தன் சீனத் தளத்தை மூடிவிட்டு, உள்ளூர்க் கூட்டாளியின் கையில் பொறுப்பை ஒப்படைத்தது. மறுபக்கம், பிரிட்டனின் வோடஃபோன் உருவாக்கிய எம்-பேசா என்ற கைபேசிப் பணச்சேவை 2007இல் கென்யாவில் அறிமுகமாகி, அந்நாட்டில் பணம் கைமாறும் முறையையே மாற்றிப்போட்டது. அதே எம்-பேசா தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் எடுபடவில்லை.

தொழில்நுட்பத்தின் தரம் மட்டுமே போட்டியைத் தீர்மானிக்கும் என்றால் இந்த மூன்று முடிவுகளையும் விளக்க முடியாது. அயல்நாட்டு நிறுவனம் தோற்கும், மண்ணின் நிறுவனம் வெல்லும் என்ற எளிய கணக்கும் இங்கே பொருந்தவில்லை. ஆகவே வேறொரு விளக்கம் தேவைப்படுகிறது.

வளர்ந்துவரும் நாடுகளின் சந்தைகளில், வணிகம் நடப்பதற்குத் தேவையான சில அமைப்புகள் இல்லாமலோ அரைகுறையாகவோ இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பம் அந்த இடைவெளிகளில் ஒன்றை அடைக்கும்போதுதான் நிறுவனத்துக்குப் போட்டி வலிமை தருகிறது. எந்த இடைவெளி, யாருக்கு, எந்த விதிகளின் கீழ் என்பதைச் சரியாகக் கணித்தவர் வெல்கிறார். அப்படி அடைத்த இடைவெளியைப் பின்னாளில் அரசே பொதுவசதியாக நிரப்பிவிட்டால், அந்த வலிமை கரைந்துபோகிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான். சான்றுகள் இந்தியா, சீனா, கென்யா, மெக்சிகோ, பிரேசில் ஆகிய நாடுகளிலிருந்து முதன்மையாக எடுக்கப்பட்டுள்ளன.

1. கருத்தடிப்படை

1.1 அமைப்பு வெற்றிடங்கள்

‘வளர்ந்துவரும் சந்தைகள்’ என்ற பெயரை 1981இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகத்தில் பணியாற்றிய அந்துவான் வான் அக்த்மேல். முதலீட்டாளர்களை ஈர்ப்பதற்காக வைத்த பெயர் அது. அந்தச் சந்தைகளின் உள்ளமைப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்தக் குறையை நீக்கியவர்கள் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தருண் கன்னாவும் கிருஷ்ண பலேப்புவும். 1997இல் தொடங்கிப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்த ஆய்வில், இந்நாடுகளின் தனித்தன்மையை வருமானத்தைக் கொண்டு அளக்காமல், வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் இடைநிலை அமைப்புகள் எவ்வளவு உள்ளன என்பதைக் கொண்டு அளந்தார்கள். கடன் மதிப்பீடு, தரச் சான்று, விரைவான நீதிமன்றம், நம்பகமான சரக்குப் போக்குவரத்து, விலைத் தகவல் ஆகியவை வளர்ந்த நாடுகளில் இருப்பதே கண்ணில் படாத அளவுக்குப் பழகிப்போனவை. அவை இல்லாத இடத்தை அவர்கள் அமைப்பு வெற்றிடம் என்றார்கள்.

1.2 தொழில்நுட்பம் தனியே வலிமை தருமா?

2003இல் நிக்கலஸ் கார், ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஒரு சர்ச்சையைக் கிளப்பினார். மின்சாரத்தையும் ரயிலையும் போலக் கணினித் தொழில்நுட்பமும் எல்லோரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய பொதுச்சரக்காகிவிட்டது, எல்லோரிடமும் இருப்பது யாருக்கும் தனிச்சிறப்பாகாது என்பது அவர் வாதம். வழங்கிகளையும் சேமிப்பிடத்தையும் பொறுத்தவரை காலம் அவர் பக்கமே சாய்ந்தது. 2016இல் அமேசான் தன் மேகக் கணினிச் சேவைக்கு மும்பையில் தரவு மையங்களை அமைத்தது. அதன்பின் சிறு நிறுவனம்கூட, பெருநிறுவனம் பயன்படுத்தும் அதே கணினி ஆற்றலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க முடிகிறது.

கன்னா–பலேப்பு கருத்தையும் கார் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. கணினியும் மென்பொருளும் கடையில் கிடைக்கும். ஓர் ஊரின் வணிகம் எங்கே இடறுகிறது என்ற அறிவு கடையில் கிடைக்காது. இரண்டும் சேரும் இடத்தில்தான் போட்டி வலிமை பிறக்கிறது.

1.3 வகைப்பாடு

இந்த வெற்றிடங்களை நான்காகப் பிரிக்கலாம்: விலைத் தகவலின்மை, முன்பின் அறியாதவரிடம் நம்பிக்கையின்மை, பணம் செலுத்தும் வழியின்மை, கட்டமைப்பின் நிச்சயமின்மை. அடுத்து வரும் நான்கு பகுதிகள் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கின்றன. ‘உள்ளூர்’, ‘அயல்நாடு’ என்ற பிரிவு எல்லா இடத்திலும் தெளிவாக இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் ஐடிசி நிறுவனம் 1910இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் கல்கத்தாவில் பிறந்தது, பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ இன்றும் அதன் பெரும் பங்குதாரர். கென்யாவில் எம்-பேசாவை நடத்திய தொலைத்தொடர்பு நிறுவனமான சஃபாரிகாமில் வோடஃபோனுக்குப் பங்கு இருந்தது. போட்டியில் வென்ற பல அமைப்புகள் இத்தகைய கலப்பினங்கள் என்பதே ஒரு செய்தி.

2. விலைத் தகவல்

2.1 கேரளக் கடற்கரை

தகவல் கிடைத்தால் சந்தை எப்படி மாறும் என்பதற்குத் துல்லியமான சான்று வட கேரளக் கடற்கரையில் கிடைத்தது. 1997 முதல் 2001 வரை கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு பகுதிகளுக்குக் கைபேசிச் சேவை படிப்படியாக வந்தது. அதற்குமுன் மத்தி பிடித்த படகு தன் ஊர்க் கரைக்கே திரும்பும். அங்கே வரத்து மிகுந்திருந்தால் மீனை வாங்க ஆளிருக்காது, கடலிலேயே கொட்ட வேண்டியதுதான். அதே வேளையில் சில மைல் தொலைவிலுள்ள கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். கைபேசி வந்தபின் மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள்.

பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெருமளவு மறைந்தது, மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. இரு தரப்பும் பயனடைந்ததற்குக் காரணம், வீணாகிக்கொண்டிருந்தது மிஞ்சியதுதான். ஆனால் இங்கே எந்தத் தனி நிறுவனத்துக்கும் போட்டி வலிமை கிடைக்கவில்லை. தகவல் எல்லோருக்கும் ஒருசேரக் கிடைத்தது. ஒரு நிறுவனம் தகவலோடு வேறொன்றையும் இணைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்துக்குப் போக வேண்டும்.

2.2 இ-சௌபால்

ஐடிசியின் வேளாண் ஏற்றுமதிப் பிரிவு சோயாவை மண்டியில் கமிஷன் முகவர்கள் வழியாகத்தான் வாங்கிவந்தது. விவசாயி வண்டி வாடகை கொடுத்து மண்டிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விலையே தெரியும். பிடிக்காவிட்டாலும் திரும்பக் கொண்டுபோகும் செலவை நினைத்துக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். எடையிலும் கழிவிலும் இழப்பு வேறு. வாங்கும் நிறுவனத்துக்கும் தரம் பிரித்துக் கொள்முதல் செய்ய வழியில்லை.

2000 ஜூனில் தொடங்கிய இ-சௌபால் திட்டத்தில், ஊருக்கு ஒரு விவசாயி ‘சஞ்சாலக்’ ஆனார். அவர் வீட்டில் கணினியும் செயற்கைக்கோள் இணைப்பும் மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்கலமும் வைக்கப்பட்டன. மண்டி விலையும் ஐடிசி தரும் விலையும் முன்னதாகவே திரையில் தெரிந்தன. விளைச்சலின் மாதிரியைப் பார்த்து சஞ்சாலக் விலை சொல்வார். விவசாயி விரும்பினால் நிறுவனத்தின் கிடங்குக்குக் கொண்டுபோகலாம், அங்கே மின்னணுத் தராசில் எடைபோட்டுப் பணம் கையோடு கிடைக்கும். மண்டிக்கே போவதானாலும் தடையில்லை. பழைய கமிஷன் முகவர்களை ஐடிசி விரட்டிவிடவில்லை. ‘சம்யோஜக்’ என்ற பெயரில் சரக்குக் கையாளும் பணியில் அமர்த்திக்கொண்டது. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பாததற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

இத்திட்டத்தை ஆராய்ந்த அபராஜிதா கோயல், 2010இல் வெளியான கட்டுரையில், கணினி மையங்கள் வந்த மாவட்டங்களில் மண்டியிலேயே சோயா விலை 1 முதல் 3 சதவீதம் உயர்ந்ததைக் காட்டினார். ஐடிசிக்கு விற்காத விவசாயிக்கும் ஆதாயம் கிட்டியது என்பது இதன் பொருள். நிறுவனத்துக்கோ தரம் பிரித்த கொள்முதல் வசதி கிடைத்தது. 2002இல் அது ஆசீர்வாத் கோதுமை மாவை இறக்கியபோது, வட்டாரத்துக்கு ஏற்றபடி கோதுமையைத் தேர்ந்து கலக்க இந்த வலைப்பின்னல் கைகொடுத்தது. எதிரே யூனிலீவர் குழுமத்தின் அன்னபூர்ணா மாவு ஏற்கெனவே சந்தையில் இருந்தது. ஆசீர்வாத் முன்னணிக்கு வந்தது, இந்துஸ்தான் யூனிலீவர் 2023இல் அன்னபூர்ணாவை விற்க முடிவுசெய்தது. இதற்குக் கொள்முதல் மட்டுமே காரணமன்று, விளம்பரமும் விநியோகமும் சேர்ந்தவை. ஆயினும் வயலில் தொடங்கும் தகவல் அங்காடியில் நடக்கும் போட்டிவரை நீளும் என்பது தெளிவாகிறது.

3. நம்பிக்கை

இபேயின் சீனப் படலம், நம்பிக்கை என்ற வெற்றிடத்தைத் தவறாகக் கணித்ததன் கதை. ஷாங்காயில் 1999இல் தொடங்கப்பட்ட ஈச்நெட் நிறுவனத்தில் 2002இல் 3 கோடி டாலருக்கு மூன்றில் ஒரு பங்கை இபே வாங்கியது. மறு ஆண்டு 15 கோடி டாலர் கொடுத்து மீதியையும் எடுத்துக்கொண்டது. அப்போது தனிநபர்கள் ஒருவருக்கொருவர் விற்கும் இணையச் சந்தையில் ஈச்நெட்டுக்கே பெரும்பங்கு. 2003 மே மாதம் அலிபாபா, தாவோபாவ் என்ற புதிய தளத்துடன் எதிரே வந்து நின்றது.

தாவோபாவ் மூன்று காரியங்களைச் செய்தது. முதலாவது, விற்பவரிடம் பட்டியல் கட்டணம் வாங்கவில்லை. இரண்டாவது, அலிபே. வாங்குபவர் செலுத்தும் பணம் இடையில் நிறுத்திவைக்கப்பட்டு, சரக்கு கைக்கு வந்து அவர் ஒப்புக்கொண்ட பிறகே விற்பவருக்குப் போய்ச் சேரும். கடன் அட்டைப் பழக்கமும் ஏமாற்றினால் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் இல்லாத நாட்டில், இந்த ஒரு வசதி வங்கி, காப்பீடு, நீதிமன்றம் மூன்றின் வேலையையும் ஓரளவு செய்தது. மூன்றாவது, வாங்குபவரும் விற்பவரும் நேரடியாக அரட்டையடித்துப் பேரம் பேச வாங்வாங் என்ற உரையாடல் மென்பொருள்.

இருவரையும் பேசவிட்டால் தளத்துக்கு வெளியே வியாபாரத்தை முடித்துக்கொண்டு கட்டணத்தைத் தவிர்ப்பார்கள் என்பது இபேயின் அச்சம். கட்டணத்தை நம்பியிருந்த அதன் கணக்குப்படி அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் முகம் தெரியாதவரிடம் பணம் கொடுக்கத் தயங்கும் வாடிக்கையாளருக்கு நாலு வார்த்தை பேசிப் பார்ப்பதுதான் நம்பிக்கையின் முதல் படி. போதாக்குறைக்கு, 2004இல் சீனத் தளத்தை உலகப் பொதுத் தளத்துடன் இணைத்தது இபே. பயனர்கள் பழகியிருந்த உள்ளூர் வசதிகள் மறைந்தன, தளம் மெதுவானது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அமெரிக்காவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லா நாட்டுக்கும் ஒரே மென்பொருள் என்பது செலவைக் குறைக்கும் சிக்கனம்தான். சீனத்தில் அந்தச் சிக்கனமே விலங்காகியது.

இந்தியாவில் ஃபிளிப்கார்ட் இதே வெற்றிடத்தை வேறு விதமாக அடைத்தது. 2007இல் பெங்களூரில் புத்தகக் கடையாகத் தொடங்கிய அது, 2010இல் பொருள் வந்து சேர்ந்த பிறகு ரொக்கம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. தனக்கென்று ஈகார்ட் என்ற விநியோகப் பிரிவையும் கட்டியது. பணத்தை வீடு வீடாக வசூலித்து, கணக்கில் சேர்த்து, திருப்பி அனுப்பிய பொருளைக் கண்காணிக்கும் மென்பொருள்தான் அதன் உண்மையான உழைப்பு. 2013இல் வந்த அமேசானும் ரொக்க முறையை ஏற்றுக்கொண்டே களமிறங்கியது. 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியது. அந்தத் தொகையில், இந்தியாவில் விநியோகம் செய்து பழகிய அனுபவத்துக்கான விலையும் அடங்கும்.

4. பணம் செலுத்தும் வழி

4.1 கென்யாவில் எம்-பேசா

நைரோபியில் வேலைசெய்பவர் கிராமத்துக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், ஊருக்குப் போகும் பேருந்து ஓட்டுநரிடமோ உறவினரிடமோ கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். வங்கிக் கிளைகள் குறைவு. கைபேசி மட்டும் வேகமாகப் பரவியிருந்தது. வோடஃபோன், பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறையின் மானியத்துடன், நுண்கடன் தவணைகளைக் கைபேசியில் வசூலிக்கும் முறையை 2005இல் சோதித்துப் பார்த்தது. சோதனையில் பங்கேற்றவர்கள் அதைத் தவணைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை, ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ளவும் தொடங்கினார்கள். நிறுவனம் தன் திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழாமல் மக்கள் காட்டிய வழியில் போனது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் அறிமுகப்படுத்திய சேவையின் முதன்மை நோக்கம் ஊருக்குப் பணம் அனுப்புவதாக மாறியிருந்தது.

சாதாரண பட்டன் கைபேசியிலேயே அது இயங்கியது. ரீசார்ஜ் விற்ற பெட்டிக்கடைகளே பணம் போடவும் எடுக்கவும் முகவர் நிலையங்களாயின. கென்ய மத்திய வங்கி முன்கூட்டியே தடைபோடாமல், கண்காணித்துக்கொண்டே அனுமதித்தது. தவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, எம்-பேசாவால் 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையிலிருந்து மேலேறியதாக மதிப்பிட்டது.

போட்டியின் கோணத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. 2010இல் ஜைன் நிறுவனத்தின் ஆப்பிரிக்கச் சேவைகளை வாங்கிக் கென்யாவுக்குள் நுழைந்த இந்தியாவின் ஏர்டெல், அழைப்புக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. சஃபாரிகாமின் பிடி தளரவில்லை. பணம் இருக்கும் சிம்மை யாரும் எளிதில் மாற்றுவதில்லை. சஃபாரிகாமின் முகவர்கள் பிற நிறுவனங்களின் பணச்சேவையை விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. 2014இல் போட்டி ஆணையம் தலையிட்ட பிறகே அது நீங்கியது.

4.2 பிற நாடுகளில் நேர்ந்தது

தென்னாப்பிரிக்காவில் 2010இல் வோடாகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தொடங்கிய எம்-பேசா 2016இல் மூடப்பட்டது. அங்கே வங்கிக் கணக்குகளும் பணம் எடுக்கும் இயந்திரங்களும் முன்பே பரவியிருந்தன. அடைப்பதற்கு அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. இந்தியாவில் வெற்றிடம் இருந்தது, விதிகள் வேறாக இருந்தன. வங்கியல்லாத நிறுவனத்தின் பணப்பையில் போட்ட பணத்தை ரொக்கமாக எடுக்க ரிசர்வ் வங்கி இடம் தரவில்லை, வங்கியின் துணை தேவைப்பட்டது. 2013இல் ஐசிஐசிஐ வங்கியுடன் சேர்ந்து தொடங்கிய சேவை வேர்பிடிக்கும் முன்பே, 2014இல் அரசின் ஜன் தன் வங்கிக் கணக்குகளும் 2016இல் யுபிஐ என்ற பொதுப் பணப்பரிமாற்ற முறையும் வந்துவிட்டன. ஒரே பெயரும் ஒரே கருத்தும் மூன்று நாடுகளில் மூன்று விளைவுகளைத் தந்ததற்கான விளக்கம் இவ்வளவுதான்.

5. கட்டமைப்பின் நிச்சயமின்மை

தகவல் தொழில்நுட்பம் என்றதும் இணைய நிறுவனங்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தத் துறையின் ஆகச்சிறந்த பாடம் சிமென்ட் தொழிலில் இருக்கிறது. மெக்சிகோவின் மான்டெர்ரே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட செமெக்ஸ் நிறுவனத்துக்கு 1985இல் லொரென்சோ சம்ப்ரானோ தலைமைச் செயல் அதிகாரியானார். நாட்டின் தொலைபேசிச் சேவையை நம்ப முடியாததால், ஆலைகளை இணைக்கத் தனக்கென்று செயற்கைக்கோள் வழித் தொடர்பை நிறுவினார்.

நீர் கலந்த கான்கிரீட்டை லாரியில் ஏற்றிய பின் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும், தாமதித்தால் இறுகிவிடும். மெக்சிகோவிலோ போக்குவரத்து நெரிசல், மழை, கட்டுமான இடத்தில் வேலை முடியாமை எனக் காரணங்கள் பல. ஏறத்தாழப் பாதி ஆர்டர்கள் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டன அல்லது ரத்தாயின. முன்கூட்டித் திட்டமிட்டு இந்தக் குழப்பத்தை ஒழிக்க நினைப்பதே வீண் என்று செமெக்ஸ் கண்டுகொண்டது. தன் ஆட்களை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர அவசர அழைப்பு மையத்துக்கும் மெம்ஃபிஸில் உள்ள ஃபெட்எக்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்பியது. எப்போது எங்கே தேவை எழும் என்று தெரியாமலே அந்த அமைப்புகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதே கேள்வி. 1990களில் குவாதலஹாரா நகரில் லாரிகளில் கணினியும் இடமறியும் கருவியும் பொருத்தப்பட்டன. ஆர்டர் வந்ததும் மையத்திலிருந்து அருகிலுள்ள லாரியைத் திருப்பிவிடும் முறை வந்தது. மூன்று மணி நேரம் முன்பின்னாக இருந்த வருகை நேரம் இருபது நிமிடத்துக்குச் சுருங்கியது. அதற்கு மேல் தாமதமானால் விலையில் 5 சதவீதம் தள்ளுபடி என்று அறிவிக்கும் துணிவும் வந்தது.

1992இல் ஸ்பெயினின் இரு பெரும் சிமென்ட் நிறுவனங்களையும் 2000இல் அமெரிக்காவின் சவுத்டவுனையும் செமெக்ஸ் வாங்கியது. வாங்கிய நிறுவனங்களில் முதலில் நிறுவியது தன் கணினி முறைகளைத்தான். குழப்பமான சந்தையில் பழகிய நிறுவனம் ஒழுங்கான சந்தைகளுக்குள் அயல்நாட்டு நிறுவனமாகப் போனது. உள்ளூர் என்பதும் அயல் என்பதும் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. தமிழ்நாட்டிலும் இதற்கு இணை உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, 2011இல் தென்காசிக்கு அருகே அலுவலகம் திறந்து, சிற்றூர்த் திறமையைக் கொண்டு உலகச் சிறுதொழில்களுக்கு மென்பொருள் விற்கிறது. போட்டியாளர்கள் மைக்ரோசாஃப்டும் சேல்ஸ்ஃபோர்ஸும்.

6. அயல்நாட்டு நிறுவனங்கள் கற்றவை

தோல்விகளை மட்டும் அடுக்கினால் பார்வை ஒருபக்கமாகிவிடும். கற்றுக்கொண்ட அயல் நிறுவனங்களும் உண்டு. தொடக்கத்தில் கடன் அட்டையை நம்பியிருந்த ஊபர், 2015 மே மாதம் ஹைதராபாத்தில் ரொக்கம் வாங்கத் தொடங்கியது. அந்தப் பழக்கத்தைப் பின்னர் வேறு பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. ஆயினும் 2016இல் சீனத் தொழிலை அங்குள்ள போட்டியாளரான டிடியிடமும், 2018இல் தென்கிழக்கு ஆசியத் தொழிலை அவ்வட்டாரப் போட்டியாளரான கிராபிடமும் விற்றுவிட்டுப் பங்குதாரராக ஒதுங்கியது. இந்தோனேசியாவில் 2010இல் இருபது மோட்டார் சைக்கிள் ஓட்டிகளோடு, தொலைபேசி அழைப்பை ஏற்கும் மையமாகத் தொடங்கிய கோஜெக், 2015இல் செயலியாக மாறியபோது ஓட்டிகளை அறிந்திருந்த அனுபவம் அதற்குத் துணைநின்றது.

அமேசான் இந்தியாவில் சிறு வியாபாரிகளைச் சேர்க்கக் கடைவீதிகளுக்குத் தேநீர் வண்டிகளை அனுப்பியது. டீ குடிக்கும் நேரத்தில் இணையத்தில் விற்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. 2020இல் ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் சில மாத இடைவெளியில் தமிழிலும் தங்கள் செயலிகளைக் கொண்டுவந்தன. ஆப்பிரிக்காவில் சீனத்தின் டிரான்ஷன் நிறுவனம் டெக்னோ என்ற பெயரில் விற்ற கைபேசிகள் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. அழைப்புக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் ஒன்றுக்கு மேற்பட்ட சிம்கள், மின்வெட்டுக்கு ஈடுகொடுக்கும் மின்கலம், கறுத்த தோலைத் தெளிவாகப் படமெடுக்கும் ஒளிப்படக் கருவி, அம்ஹாரிக் போன்ற மொழிகளில் விசைப்பலகை என ஒவ்வொன்றும் ஒரு குறையைப் பார்த்துச் செய்தவை. அயல் நிறுவனமாக இருப்பது தடையாகவில்லை. பார்க்கும் கண் இருந்தது.

7. பொதுத் தளங்களும் புதிய போட்டியும்

7.1 யுபிஐ

தனியார் அடைத்த இடைவெளியை அரசுசார் அமைப்பு பொதுவசதியாக அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2016க்குப் பிந்தைய இந்தியா காட்டுகிறது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016 ஏப்ரலில் யுபிஐயை வெளியிட்டது. எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்தச் செயலி வழியாகவும் எவருக்கும் பணம் அனுப்பலாம் என்றானது. அதுவரை பேடிஎம் போன்ற பணப்பைகளின் வலிமை, அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே பையை வைத்திருப்பதில் இருந்தது. யுபிஐ அந்த வேலியைத் தகர்த்தது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வணிகர் கட்டணமும் இல்லை. 2023 ஆகஸ்டில் மாதாந்திரப் பரிவர்த்தனைகள் 1,000 கோடியைத் தாண்டின.

பாதை பொதுவானதும் போட்டி பாதையின் மேல் ஓடும் சேவைகளுக்கு மாறியது. கடைக்காரருக்குப் பணம் வந்ததா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் பேசும் பெட்டியைப் பேடிஎம் பரப்பி, அதற்கு மாத வாடகை வாங்கியது. ஆனால் பொதுப் பாதையில் அதிகம் பயனடைந்தவர்கள் வால்மார்ட் வசமுள்ள ஃபோன்பேயும் கூகுள் பேயும். பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்விரண்டின் வழியே நடக்கிறது. ஒரு செயலியின் பங்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2020இல் அறிவித்த வரம்பின் கெடு 2026 இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டது. கதவைத் திறந்துவைத்தால் முதலில் நுழைபவர் ஆள்பலமும் பணபலமும் உள்ளவரே என்பதை இது உணர்த்துகிறது.

7.2 பிரேசிலின் பிக்ஸ்

பிரேசிலில் மத்திய வங்கியே 2020 நவம்பரில் பிக்ஸ் என்ற உடனடிப் பணப்பரிமாற்ற முறையைத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு வாட்ஸ்அப் தொடங்கிய பணச்சேவையை அதே வங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுத்திவைத்தது. மறு ஆண்டுதான் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் வாட்ஸ்அப்புக்கு 2020இல் 2 கோடிப் பயனர் என்ற உச்சவரம்போடுதான் அனுமதி கிடைத்தது. ஒழுங்குமுறை ஆணையமும் இங்கே ஆட்டக்காரர்தான். 2018இல் பணப்பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அதற்கு இணங்காததால் 2021இல் மாஸ்டர்கார்டுக்குப் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கத் தடை வந்தது. தரவு எங்கே இருக்கிறது என்பதும் போட்டியின் ஒரு விதியாகிவிட்டது.

8. வரம்புகள்

இதுவரை சொன்னவற்றுக்கு எதிராக மூன்று செய்திகளைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலாவது, அடைக்கப்படும் இடைவெளி சிலருக்கு வாழ்வாதாரம். இடைத்தரகர் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கப்படுபவர் கடன் கொடுப்பவராகவும், சரக்கை இருப்பு வைப்பவராகவும், நட்டத்தைத் தாங்குபவராகவும் இருக்கிறார். 2021 டிசம்பரில் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, இணைய மொத்த வணிகர்களுக்குத் தங்களைவிடக் குறைந்த விலையில் சரக்குத் தரப்படுவதாகப் பெருநிறுவனங்களிடம் எதிர்ப்புத் தெரிவித்து, விநியோகத்தை நிறுத்தப்போவதாக எச்சரித்தது. மளிகைக்கடைக்கு வாராவாரம் கடனில் சரக்குப் போடுபவரின் இடத்தைச் செயலி ஒரே நாளில் நிரப்பிவிடாது.

இரண்டாவது, தளமே சந்தையாகும்போது அதில் விற்பவர் தளத்தின் தயவில் நிற்கிறார். தேடலில் எது முன்னே வரும், எவ்வளவு கமிஷன் என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. அயல் முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் தமக்குப் பங்குள்ள நிறுவனங்களின் சரக்கைத் தம் தளத்தில் விற்கக்கூடாது என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய விதி, இந்தக் கவலையிலிருந்து பிறந்தது.

மூன்றாவது, மூலதனம். இலவசமாகவும் தள்ளுபடியிலும் சேவை தந்து பல ஆண்டுகள் நட்டத்தைத் தாங்குவது பணம் படைத்தவருக்கே இயலும். தாவோபாவ், கிராப், ஃபிளிப்கார்ட் ஆகிய ‘உள்ளூர்’ வெற்றிகளின் பின்னால் அயல்நாட்டு முதலீட்டாளர்கள் இருந்ததை மறந்துவிட்டு மண்ணின் அறிவை மட்டும் புகழ்வது அரைகுறை ஆய்வாகும்.

முடிவுரை

இக்கட்டுரையின் சான்றுகளிலிருந்து நான்கு முடிவுகளைத் தொகுக்கலாம்.

ஒன்று: தகவல் தொழில்நுட்பம் தரும் போட்டி வலிமை, அது அடைக்கும் வெற்றிடத்தின் அளவையும் அங்குள்ள விதிகளையும் பொறுத்தது. எம்-பேசாவின் மூன்று நாட்டு அனுபவம் இதற்குச் சான்று.

இரண்டு: அயல் நிறுவனத்தின் இயல்பான பலம், ஒரே முறையை எல்லா நாட்டிலும் பரப்பும் ஆற்றல். இயல்பான பலவீனமும் அதுவே. உள்ளூர் நிறுவனத்தின் பலம் இடர்ப்பாட்டை அனுபவத்தில் அறிந்திருப்பது, பலவீனம் மூலதனம். கென்யாவில் நடந்ததுபோல இரண்டும் ஒரு கூரையின்கீழ் சேர்ந்தபோது விளைவு பெரிதாக இருந்தது.

மூன்று: வென்ற அமைப்புகள் மனிதர்களை அகற்றவில்லை, அவர்களுக்குப் புதிய வேலை கொடுத்தன. சஞ்சாலக், ரீசார்ஜ் கடைக்காரர், ரொக்கம் வசூலிக்கும் விநியோகப் பணியாளர் ஆகியோர் இல்லாமல் அந்த மென்பொருள்கள் வேலை செய்திருக்காது.

நான்கு: வெற்றிடத்தை அடைத்துப் பெற்ற வலிமைக்கு ஆயுள் குறைவு. யுபிஐயும் பிக்ஸும் வந்தபின் பணம் அனுப்பும் வசதி யாருடைய தனிச்சொத்தாகவும் இல்லை. சிறுகடன், பயிர்க் காப்பீடு, சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றில் இடைவெளிகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த போட்டி அங்கே நடக்கும்.

கொள்கை வகுப்போர் உள்ளூர் நிறுவனங்களைக் காக்கத் தடுப்புச் சுவர் எழுப்புவதைவிட, பொதுப் பாதைகளை அமைத்து, அவற்றில் ஓரிருவர் மட்டுமே ஓடும் நிலை வராமல் விதிகளைக் காலத்தோடு நடைமுறைப்படுத்துவது பயன் தரும். வரம்பை அறிவித்துவிட்டுக் கெடுவை ஆண்டுக்கணக்கில் தள்ளிவைத்தால், பொதுப் பாதை அமைத்த நோக்கமே கெடும். நிறுவனங்களுக்கும் ஒரு வழிமுறை உண்டு. எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன், தம் வாடிக்கையாளர் எந்த இடத்தில் தயங்குகிறார், எதற்காகக் காத்திருக்கிறார், யாரிடம் ஏமாறுகிறார் என்று கணக்கெடுக்க வேண்டும். செமெக்ஸ் லாரிகளில் கணினி பொருத்தும் முன் இந்தக் கணக்கை எடுத்திருந்தது. இபே சீனத்தில் தளத்தை மாற்றும் முன் எடுக்கவில்லை.